நேர்மையாக வெந்த வீடுகள்

செஞ்சிக்குக் கேள்வி கேட்க வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் சேரனிடம்தான் வந்து நிற்பார்கள். எந்தச் சோப்பு, யாருக்கு ஓட்டு, வீட்டில் கழிவறை இருக்கிறதா, இருந்தால் அதற்குள் ஆள் போகிறார்களா இல்லை விறகு அடுக்கியிருக்கிறார்களா என்று எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றாலும் பட்டணத்துக்காரர்களுக்கு இவனுடைய கைப்பேசி எண்தான் வழி. கோட்டையைச் சுற்றிக் காட்ட ஆட்கள் இருக்கிறார்கள். கோட்டைக்குக் கீழே வாழ்கிற ஜனங்களைச் சுற்றிக் காட்ட ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள் சேரன்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வரலாறு படித்த பட்டதாரி. தொண்டூர் போகிற வழியில் இருக்கும் காலனியில் பிறந்தவன். அந்தத் தெருவில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் என்பதால், அவன் எது சொன்னாலும் தெரு நம்பும். கல்யாணத்துக்குப் பிறகு டவுனில் சக்கராபுரத்துக்குக் குடிவந்துவிட்டான். பிழைப்பு கேள்வி கேட்பது.

அந்தப் பிழைப்பில் அவன் ஒரு வித்தை கற்று வைத்திருந்தான். சும்மா கேள்வி கேட்கப் போனால் ஜனங்கள் "அப்புறம் வாப்பா" என்பார்கள். ஏதோ கிடைக்கப்போகிறது என்ற வாசனை காட்டினால் பாய் விரிப்பார்கள். அதனால், கேள்வியை ஆரம்பிக்கும் முன் எங்கேயோ பார்த்துக்கொண்டு ஒரு வாக்கியத்தை விட்டெறிவான். "எழுதிக்கினு போனா, மேல இருக்கறவங்க ஏதாச்சும் செய்வாங்க இல்ல." இது வாக்குறுதி அல்ல. எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. மீதியை ஜனங்களே நிரப்பிக்கொள்வார்கள். கழிவறையைப் பற்றிக் கேட்டால் தொட்டி கட்டித் தருவார்கள் என்று நினைப்பார்கள். பல் துலக்குவது பற்றிக் கேட்டால் குறைந்தபட்சம் ஒரு பிரஷ். கடைசியில் வந்து சேர்வது அடுத்த கணக்கெடுப்புதான். ஆனால் யாரும் சேரனைக் குறை சொன்னதில்லை. நம்ம பையன் எழுதித்தான் கொடுத்தான், மேலே இருக்கிறவன்தான் தின்றுவிட்டான் என்று பேசிக்கொள்வார்கள். மேலே இருக்கிறவன் என்று ஒருவன் இருப்பது எவ்வளவு சௌகரியம்!

அவன் மனைவி மங்கைக்கு மட்டும் இந்த வித்தை பிடிக்காது. "கேக்கறவங்களுக்கும் பொய், சொல்றவங்களுக்கும் பொய். நடுவுல நீ ஒருத்தன்தான் நெஜமா சம்பாரிக்கற" என்பாள். சேரன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு வந்தான்.

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து அமலா வந்தார். பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். சொந்த ஊர் திண்டிவனம் பக்கம் என்பதால் 'இன்னா' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அவர் சொன்ன விஷயம் எளிமையானது. டிவியில் இன்று இத்தனை டிகிரி என்று சொல்கிறார்களே, அது வெளியே நிழலில் அளப்பது. மனிதர்கள் நிழலிலா படுக்கிறார்கள்? தகரக் கூரைக்குக் கீழே படுக்கிறார்கள். அங்கே எவ்வளவு சூடு என்று யாரும் அளந்ததில்லை. அதை அளக்க வேண்டும்.

தீப்பெட்டி அளவில் வெள்ளையாக ஒரு கருவி. வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், அடுப்புக்குத் தள்ளி ஓர் ஆணியில் தொங்கவிட வேண்டும். அதுபாட்டுக்குச் சூட்டைக் குறித்துக்கொண்டே இருக்கும். அவ்வப்போது பக்கத்தில் போய்க் கைப்பேசியைக் காட்டினால் கணக்கைக் கொட்டிவிடும்.

கருவியைவிட அமலாவின் நிபந்தனைகள்தான் சேரனுக்குப் புதுசு.

"சேரன் சார், இந்த ஒப்புதல் தாளை முழுசாப் படிச்சுக் காட்டணும். முக்கியமா, இதனால உங்களுக்கு ஒரு பலனும் வராதுன்னு அழுத்திச் சொல்லணும்."

"அப்படிச் சொன்னா எவன் மேடம் ஆணி அடிக்க வுடுவான்?"

"விடலைன்னா பரவாயில்ல. அந்த வீட்டை விட்டுடலாம்."

வீட்டை விட்டுவிடலாம் என்று சொன்ன முதல் முதலாளியம்மா இவர்தான். சேரனுக்குச் சிரிப்பு வந்தது. பட்டணத்திலிருந்து புதிதாக வருகிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள், ரெண்டு வெயில் அடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

வேலையைச் சுளுவாக முடிக்கப் பிறந்த தெருவையே தேர்ந்தெடுத்தான். தெரு முழுக்கத் தகரக் கூரை, எல்லோரும் சொந்தக்காரர்கள், எல்லா வீட்டிலும் ஆணி அடிக்க உரிமை உண்டு. ஒப்புதல் தாளைப் படிக்கவும் செய்தான். டிவி விளம்பரத்தின் கடைசியில் ஒருவர் மூச்சுவிடாமல் ஆபத்துகளை ஒப்பிப்பாரே, அந்த வேகத்தில். ஒவ்வொரு வீட்டிலும் ஆணி அடித்து முடித்து, வண்டியில் உட்கார்ந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "சூடு எங்க ஜாஸ்தி காட்டுதோ, அங்கதான மொதல்ல ஏதாச்சும் செய்வாங்க" என்றான். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

அதன் பிறகு அவன் எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை. போகத் தேவையும் இல்லை. தெருக்குழாய் அருகே வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை அங்கும் இங்கும் நீட்டினால் போதும், சுற்றியிருக்கும் வீடுகளின் கணக்கு தானாக வந்து விழும். கொஞ்சம் தள்ளி இருக்கிற வீடுகளுக்கு வண்டியை மெதுவாக உருட்டினால் சரி.

அந்தப் பக்கத்துத் தகர வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கத்திரி வெயில் தொடங்கும் முன் தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, கயிற்றால் இழுத்துக் கட்டி, காற்றுக்குப் பறக்காமல் பழைய டயரோ கல்லோ வைத்துவிடுவார்கள். சாயங்காலம் ரெண்டு குடம் தண்ணீர் தெளித்தால் உள்ளே குழந்தை தூங்கும். சேரனே அப்படித் தூங்கி வளர்ந்தவன்தான். இந்த வருடம் அந்தத் தெருவில் ஒரு கூரையிலும் கீற்று இல்லை. வெறும் தகரம் கண் கூசும்படி மின்னியது. அது அவன் கண்ணில் பட்டது, மண்டையில் படவில்லை. வெயிலுக்குக் கையைக் குடையாக வைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்ப்பதிலேயே இருந்தான்.

கோடை முடியும் நேரத்தில் அமலா போன் செய்தார். அதிகமான எண்கள் வந்தால் ஆராய்ச்சிக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள் என்பது சேரனின் அனுபவம். இவர் குரலில் சந்தோஷம் இல்லை.

"நம்ப முடியல சார். வேற ஆளுங்க அளந்த தெருவுலயும் இதே தகரம்தான். அங்கெல்லாம் இவ்வளவு ஏறல. ராத்திரிகூட இந்தத் தெரு இறங்கவே மாட்டேங்குது. நீங்க அங்க வித்தியாசமா எதையாவது பார்த்தீங்களா?"

"பாறை பக்கத்துல இருக்குது மேடம். பாறைச் சூடு."

செஞ்சியைச் சுற்றி எதைச் சொல்லவும் பாறை உதவும்.

"இருக்கலாம். நான் ஞாயித்துக்கிழமை நேர்ல வந்துடறேன். முடிவுகளை ஜனங்ககிட்டயும் சொல்லணும்ல."

சனிக்கிழமை காலையிலேயே சேரன் தெருவுக்குப் போனான். இந்த முறை குழாயடியில் நிற்காமல் அம்மாக்கண்ணு அத்தை வீட்டுக்குள் குனிந்து நுழைந்தான். முகத்தில் அடுப்பைத் திறந்த மாதிரி இருந்தது. அம்மாக்கண்ணு அவன் அப்பாவின் கூடப் பிறந்தவள். நூறு நாள் வேலைக்குப் போகிறவள். தெருவில் அவள் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க மாட்டார்கள்.

"வாடா சேரா. வழி தெரிஞ்சுதா? கொழாயாண்டயே நின்னு ஃபோன ஆட்டிக்கினு போயிடுவ. ஊட்டுக்குள்ள வந்தா ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டனா?"

"இன்னா அத்த, ஊடு இப்படிக் கொதிக்குது? கீத்து போடல?"

அத்தை சிரித்தாள். பரீட்சைக் கேள்வியை முன்கூட்டியே சொன்ன வாத்தியார் வந்து பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டால் மாணவன் சிரிப்பானே, அப்படி.

"கேக்கறான் பாரு கேள்வி. நீதானடா சொன்ன."

"நான் இன்னா சொன்னேன்?"

"சூடு ஜாஸ்தி காட்டற ஊட்டுக்குத்தான் மொதல்லன்னு சொன்னல்ல? கீத்தப் போட்டா பொட்டி எப்படிடா ஜாஸ்தி காட்டும்? போன வருசத்துக் கீத்து கொஞ்சம் மேல கெடந்துது. ஒங்க மாமாவ ஏத்தி அதையும் உருவிப் போட்டுட்டேன். தெருவே உருவிட்டுது."

அத்தையே மேலே சொன்னாள். முதலில் ஃபேன் தருவார்கள் என்றுதான் பேச்சாம். அப்புறம் கூரைக்கு ஏதோ வெள்ளைப் பூச்சு என்றார்களாம். சித்திரையில் அது தளம் போட்ட வீடாக வளர்ந்துவிட்டதாம். எந்த வீட்டுக்கு முதலில் வரும் என்பதில் தெருவில் பெரிய போட்டியாம்.

"எதிர் ஊட்டு நாகம்மா இருக்கறாளே, அவ பொட்டியக் கொண்டுபோயி அடுப்பு மேல மாட்டிக்கினா. அது கள்ளாட்டம்டா. நீ சொல்லி வெச்சதுக்கு அப்புறம் அப்படிச் செய்யலாமா? எங்க ஊட்டுல பாரு, நீ அடிச்ச ஆணிலயே தொங்குது. ஒரு நாள் கூட தொடல. நாங்க நேர்மையா வெந்தோம்."

வெள்ளைப் பெட்டி அதே ஆணியில் இருந்தது. அதன் மேல் தூசு படியாமல் துடைத்து வைத்திருந்தார்கள்.

"மாமா எங்க?"

"வெளிய மரத்தடில படுத்துக்கினு இருக்கறாரு. வேலைக்குப் போன எடத்துல மயக்கம் போட்டு வுழுந்துட்டாருடா. தூக்கமே இல்ல மனுசனுக்கு, ஒடம்புல தண்ணி வத்திட்டுதாம். ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. அப்பக்கூட, கீத்து போட்டுக்கலாமாம்மான்னு கேட்டாரு. நான்தான் வாணாம்னுட்டேன். ஒரு கோடை பொறுத்துக்கினா ஆயுசுக்கும் தளத்துக்குக் கீழ படுக்கலாம், பேசாத கெடய்யான்னேன்."

அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். குடும்பத்துக்கு ஒரு நல்ல காரியம் முடித்துவிட்ட பெண்ணின் பெருமை. சேரனுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தத் தரையில் உட்கார இன்று தனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. நின்றுகொண்டே இருந்தான். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். இருபது வருடப் பழக்கம், வேறொன்று வெளியே வந்தது.

"நாளைக்கு மேடம் வராங்க அத்த. அவங்க முன்னாடி இந்தத் தளம், கீத்து பேச்செல்லாம் எடுக்காத."

அத்தையின் கண்கள் பளிச்சென்று ஆயின. அது வரைக்கும் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

"வெளிய தெரிஞ்சா மத்த தெருக்காரன் பூந்துடுவான், அதான? நீ போ. தெருவுக்கே நான் சொல்லி வெக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை அமலா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வேப்பமரத்தடியில் ஜனங்களோடு தரையில் உட்கார்ந்தார். உங்கள் வீட்டுக்குள் இவ்வளவு சூடு ஏறியிருக்கிறது, உடம்பு இதைத் தாங்காது என்று அட்டையில் வரைந்திருந்ததைக் காட்டி நிதானமாக விளக்கினார். பிறகு கேட்டார்.

"பக்கத்துத் தெருவுல எல்லாரும் தகரத்து மேல கீத்து போட்டிருக்காங்க. இங்க ஏன் யாரும் போடல?"

"கெடைக்கல மேடம்" என்றாள் அம்மாக்கண்ணு, கண்ணைக்கூட இமைக்காமல்.

"அவலூர்ப்பேட்டை வரைக்கும் தேடினோம் மேடம்" என்றது இன்னொரு குரல்.

"கெடைச்சதையும் கொரங்கு பிச்சுப் போட்டுடுது" என்றாள் நாகம்மாள். "கோட்டைக் கொரங்கு. ராஜகிரிலேர்ந்து எறங்கி வருது."

கோட்டையை விட்டு இத்தனை தூரம் நடந்து வந்து இந்த ஒரு தெருவின் கீற்றை மட்டும் பிய்த்துவிட்டுத் திரும்பிப் போகும் குரங்குகளைப் பற்றி அமலா எழுதத் தொடங்கினார். பேனா பாதியில் நின்றது.

"பக்கத்துத் தெருவுக்குக் குரங்கு போகாதா?"

"அது வேற கொரங்கு மேடம்."

வேறு நாளாக இருந்தால் சேரன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இன்று தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றான். தனக்காக ஒரு தெருவே கூச்சமில்லாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. சாட்சிக்கு வந்தவர்களில் அவனுக்கு வாழ்க்கையில் சோறு போடாதவர் ஒருவரும் இல்லை.

அமலா பேனாவை மடியில் வைத்தார். "முதல்லயே சொன்னதுதான். இதனால உங்களுக்கு வீடோ வேற எதுவுமோ வராது. ஞாபகம் இருக்குல்ல?"

"நல்லா ஞாபகம் இருக்குது மேடம்!" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். சொல்லிவிட்டு, டிரம் பக்கம் திரும்பிச் சேரனைப் பார்த்து லேசாகச் சிரித்தார்கள். கூட்டுக் களவாணிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. மங்கையின் வாயிலிருந்து கேட்டதையெல்லாம் தாங்கியவனால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"உங்களுக்கு விருப்பம்னா மட்டும், அடுத்த கோடையும் அளக்கலாம்னு இருக்கேன்."

அம்மாக்கண்ணு திரும்பிப் பார்த்தாள். கயிற்றுக் கட்டிலில் கன்னியப்பன் மாமா துண்டை நனைத்து நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடுத்த வருசமும்தான? இருந்துட்டாப் போச்சு மேடம்."

சேரன் டிரம்மைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

"அத்த, ஒண்ணும் வராது."

"அதைத்தான் மேடமும் சொன்னாங்க" என்று அத்தை கண்ணைச் சிமிட்டினாள். பையன் நன்றாக நடிக்கிறான் என்று நினைத்தாள்.

"இல்ல அத்த. நெஜமாவே வராது. தளமும் வராது, ஃபேனும் வராது. நான் சும்மா சொன்னேன். கீத்து போட்டுக்க."

அமலா எழுந்து நின்றார். "என்ன சொன்னீங்க சார்? எனக்கும் சொல்லுங்க."

சொன்னான். வண்டியில் உட்காராமல், எங்கேயும் பார்க்காமல், அந்த ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொன்னபோது அது ரொம்பச் சின்னதாகவும் அழுக்காகவும் இருந்தது. இதற்காகவா ஒரு மனிதன் மயங்கி விழுந்தான் என்று அவனுக்கே தோன்றியது.

அத்தை திட்டவில்லை. அந்நிய ஆள் முன்னால் சேலை விலகிவிட்ட மாதிரி முந்தானையை இழுத்துத் தோளில் சுற்றிக்கொண்டாள். ஆசைப்பட்டது வெளியே தெரிந்துவிட்ட கூச்சம் அது. அந்தக் கூச்சம் வேறு ஒருவன் பட்டிருக்க வேண்டியது.

"ஊடு வோணும்னு நான் வந்து ஒங்கிட்ட கேட்டனாடா?"

"இல்ல அத்த."

"அப்புறம் ஏன்டா சொன்ன?"

"சீக்கிரம் முடிஞ்சுடும்னு."

அதைவிடப் பெரிய காரணம் எதுவும் அவனிடம் இல்லை. தேடிப் பார்த்தான், இல்லை. அத்தை எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். நாகம்மாளும் மற்றவர்களும் இந்த நாடகம் எப்போது முடியும் என்று காத்திருந்துவிட்டுக் கலைந்தார்கள்.

அமலா ஓரமாக வந்து நின்றார். "இங்க ஜனங்களுக்குச் சூட்டைத் தணிக்க வழியே இல்லைன்னு எழுதி வெச்சிருக்கேன் சார். வழி இருந்திருக்கு. நாமதான் புடுங்கிப் போட்டிருக்கோம்."

"இந்தத் தெருக் கணக்க அழிச்சிடுங்க மேடம்."

"அழிக்க மாட்டேன். தெரு இப்படிக் கொதிச்சது நம்மாலதான்னு எழுதணும். ஒருத்தர் விழுந்ததையும் எழுதணும். எங்க நெறிமுறைக் குழுகிட்ட சொன்னா, ஆய்வையே நிறுத்தச் சொல்லலாம்."

"என் பேரும் வருமா?"

"உங்க பேர் வராது. என் பேர்தான் வரும். ஒரு தடவையாவது நடுவுல வந்து வீட்டுக்குள்ள நுழைஞ்சு பார்த்திருக்கணும். ஃபோன்லயே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்."

மேலே இருக்கிறவர்கள் மீது பழியைப் போட்டே பழகியவனுக்கு, மேலே இருக்கிற ஒருவர் அதை எடுத்துக்கொள்வதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நிம்மதியாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தான். ஆனால் அவர் பக்கத்தில் நிற்கவே கூசியது.

"வாங்க" என்றார் அமலா. "வீடு வீடாப் போய்ச் சொல்லணும். நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் சேரன் நிறுத்தி நிதானமாக, ஒன்றும் வராது, நான் சொன்னது பொய், கீற்று போட்டுக்கொள்ளுங்கள் என்றான். ஒவ்வொரு வாசலிலும் தலையாட்டினார்கள். "புரியுது சேரா" என்றார்கள். "மேடம் இருக்கறாங்க, நீ வேற இன்னா சொல்லுவ" என்று காதோரம் கிசுகிசுத்தார்கள். நாகம்மாள் மட்டும் கொஞ்சம் கவலையாக, "அடுப்பு மேல மாட்டினத அம்மாக்கண்ணு போட்டுக் குடுத்துட்டாளா? அதுக்காக எங்க பேர அடிச்சுடாதப்பா" என்றாள். வண்டியில் உட்கார்ந்தபடி சொன்ன பொய்யை ஒரே தடவையில் நம்பிய தெரு, கைகட்டி நின்று சொன்ன உண்மையைக் கடைசி வரை நம்பவில்லை.

அமலா கன்னியப்பன் மாமாவின் அருகில் உட்கார்ந்து உடம்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தபோது, சேரன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மத்தியானம் ஒரு குட்டியானை வேன் நிறையத் தென்னங்கீற்றோடு திரும்பி வந்தான். அத்தை வீட்டுச் சுவரில் ஏணியைச் சாய்த்து ஏறினான். தகரம் செருப்பையும் மீறி உள்ளங்காலைச் சுட்டது. இதற்குக் கீழேதான் ஒரு கோடை முழுக்க இவர்கள் படுத்திருந்தார்கள். கீழேயிருந்து யாரோ ஒரு கீற்றை நீட்டினார்கள். அத்தைதான். முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள், அவனும் பார்க்காமல் வாங்கிப் பரப்பினான். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பாதிக் கூரை மூடியிருந்தபோது எதிர்வீட்டு வாசலிலிருந்து நாகம்மாளின் குரல் கேட்டது.

"ஏ, எல்லாம் வாங்கடி! அம்மாக்கண்ணு ஊட்டுக்கு வந்துட்டுது! மேடமே நின்னு போடறாங்க!"

தெரு திரண்டுவிட்டது. குட்டியானையைச் சுற்றி நின்றார்கள். தளம் இல்லை, கீற்றுதானா என்று ஒருத்தி முகம் சுளித்தாள். மொதல்ல கீத்து, அப்புறம்தான் தளம் என்று இன்னொருத்தி விளக்கம் சொன்னாள்.

"எங்களுக்கு எப்ப சேரா?" என்று கேட்டாள் நாகம்மாள்.

காலையில் எழுந்து உள்ளே போன பிறகு முதல் தடவையாக அத்தை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"சொல்லுடா" என்றாள். "ஒன் வாயாலயே சொல்லு."

சேரன் கையிலிருந்த கீற்றைக் கீழே வைத்தான். தெரு மொத்தமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை காலம் மேலே இருக்கிறவன், மேலே இருக்கிறவன் என்று யாரையோ காட்டிக்கொண்டு திரிந்தவன், இப்போது தானே தகரத்தின் மேல், வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.

"சின்னம்மா, அது இல்ல" என்று குரலை உயர்த்தி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். "ஒண்ணும் வராது. நான் சொன்னது..."

"சரிடா, சரிடா" என்றாள் நாகம்மாள், அமலாவை ஓரக்கண்ணால் பார்த்து. "புரியுது. எறங்கி வந்து மெதுவா சொல்லு."